தலை பொய் சொல்லாது

உங்கள் வீட்டில் யாராவது “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால், வாயைத் திறக்காமல் எப்படிப் பதில் சொல்வீர்கள்? ஆச்சு என்றால் தலையை மேலும் கீழும் ஆட்டுவீர்கள். இல்லை என்றால் பக்கவாட்டில் ஆட்டுவீர்கள். அதைப் பற்றி ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டீர்கள். மூச்சு விடுவதைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

சோஃபியாவில் இருப்பவர்களும் யோசிப்பதில்லை. அங்கே ஆமாம் என்றால் தலை பக்கவாட்டில் ஆடும். இல்லை என்றால் முகவாய் ஒரு தரம் மேலே போய்க் கீழே வரும். பல்கேரியா முழுக்க அப்படித்தான். பால் குடிக்கிற குழந்தை வேண்டாம் என்று சொல்வதுகூட அப்படித்தான் என்று சத்தியம் செய்வார்கள். இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, நரம்புக்கதவு ஆய்வு நிலையம் வரும்வரை.

வெல்ச்சோ குந்துகடை வைத்திருந்தான். அடித்தள அறையில் கடை, நடைபாதையோடு ஒட்டி ஒரு சின்ன ஜன்னல். வாங்க வருகிறவர்கள் குந்தி உட்கார்ந்துதான் வாங்க வேண்டும். ரொட்டி, பீர், சூரியகாந்தி விதை, சிகரெட். உள்ளே நிற்கிற வெல்ச்சோவுக்கு மனிதர்கள் என்றால் முழங்கால்வரைதான். செருப்பைப் பார்த்தே யாருக்கு என்ன வேண்டும் என்று எடுத்து வைத்துவிடுவான். முகத்தைப் பார்த்து ஆளை எடை போடும் பழக்கம் அவனுக்கு வரவே இல்லை. பின்னால் அவன் பட்ட பாட்டுக்கு அதுவும் ஒரு காரணம் என்று அவன் பெண்டாட்டி நெவெனா சொல்வாள்.

நெவெனாவுக்குத் தூக்கத்தில் வலிப்பு. பகலில் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. சலவைக்கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுவாள், முதலாளியம்மாவோடு சண்டை போடுவாள், மீதிச் சண்டையை வீட்டுக்கு எடுத்துவந்து புருஷனோடு போடுவாள். கண் அசந்தால்தான் ஆபத்து. உடம்பு விறைக்கும். கால்கள் சைக்கிள் மிதிப்பதுபோல உதைக்கும். தொண்டையிலிருந்து யாருடையதோ போல ஒரு குரல் வரும். பாதி நேரம் அவளுக்கு நினைவு இருக்கும். எல்லாம் தெரியும், நிறுத்த மட்டும் முடியாது. அந்த வெட்கத்தில், கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வேறொரு கூரையின் கீழே தூங்கியதில்லை. அக்காள் வீட்டுக்குப் போனாலும் கடைசி பஸ்ஸில் திரும்பிவிடுவாள். வெல்ச்சோ அவள் கட்டிலுக்குக் கீழே மெத்தை போட்டு, ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு படுப்பான்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஜூலை முதல் தேதி சூரியன் உதிப்பதைக் கடற்கரையில் நின்று பார்ப்பது அந்த நாட்டு வழக்கம். குமரியாக இருந்தபோது அவள் கூட்டாளிகள் எல்லாம் ராத்திரி ரயில் ஏறி பர்காஸுக்குப் போனார்கள். அவள் ஸ்டேஷன்வரை போய்க் கையசைத்துவிட்டு வந்தாள். ராத்திரி ரயில் என்றால் முன்பின் தெரியாத ஆட்கள் நடுவில் தூங்க வேண்டும். பகல் ரயிலில் போனால் மட்டும் என்ன, போன இடத்தில் ராத்திரி வராமலா இருக்கும்?

பழைய மாத்திரைகளுக்கு அந்த வலிப்பு கட்டுப்படவில்லை. ஆஸ்பத்திரியில் யாரோ நரம்புக்கதவு நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள்.

அங்கே டாக்டர் இஸ்க்ரா என்ற சின்ன வயசு அம்மாள், ஒரு காகிதத்தில் மூளையை வரைந்து, அதில் சின்னச் சின்னக் கதவுகளும் போட்டுக் காட்டினார். சிகரெட்டில் இருக்கிற நிக்கோட்டின் போய்த் தட்டினால் திறக்கிற கதவுகள் அவை. அதனால் நிக்கோட்டின் கதவு என்று பெயர். சிகரெட்டையே தொடாதவர்களுக்கும் உண்டு, உடம்பே அதற்கு ஒரு சாவி வைத்திருக்கிறது. நெவெனாவுக்கு அந்தக் கதவு பிறவியிலேயே லேசாகப் பழுது. தூக்கத்தில் சின்னக் காற்றுக்கே படாரென்று திறந்துகொள்கிறது. அதைச் சாத்தி வைக்க ஒரு புது மாத்திரை சோதனையில் இருக்கிறது என்றார்.

“அப்போ தாழ்ப்பாள்னு சொல்லுங்க,” என்றாள் நெவெனா.

டாக்டர் இஸ்க்ரா சிரித்தார். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் அந்த மாத்திரைக்குத் தாழ்ப்பாள் என்றே பெயர்.

நிலையத்தின் தலைவர் புரொபசர் முதாஃபோவ். ‘புகைபிடிக்காதீர்’ என்ற பலகைக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து புகைபிடிப்பார். நிக்கோட்டின் கதவுகளை அடைப்பது எப்படி என்று இருபது வருஷமாக ஆராய்ந்த அந்தக் கட்டடத்தில், மாடிப்படி முழுக்கச் சிகரெட் துண்டுகள் கிடந்தன. அதைக் கேட்ட ஒரு நோயாளியிடம், எதிரியை அருகில் வைத்திருந்தால்தான் ஆராய முடியும் என்று புரொபசர் விளக்கினாராம்.

சோதனையில் சேர்ந்தவர்கள் வீட்டில் புகை வாசமே இருக்கக் கூடாது என்பது விதி. அதைப் பார்க்க ஒரு புகை ஆய்வாளர் வந்தார். முதலில் கடை ஜன்னலில் பழுப்பு நிற ஷூ ஒன்று வந்து குந்தியது. வெல்ச்சோ சிகரெட்டை எடுத்து நீட்டினான். ஷூ வாங்கிக்கொண்டு, பற்ற வைத்துக்கொண்டு, ஐந்து மாடி ஏறிப் போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டியது. திரைச்சீலையை மோந்து பார்த்துவிட்டு, வீட்டில் புகை வாசம் அடிக்கிறது என்றது. அது உங்கள் கோட்டிலிருந்து வருகிறது என்றாள் நெவெனா. புகையின் மூலத்தைக் கண்டுபிடிப்பது என் துறை அல்ல, அதற்கு வேறு ஆள் வருவார் என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் போய்விட்டார். வேறு ஆள் வரவில்லை. ஆனால் வெல்ச்சோ சிகரெட் விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. விற்பதை நிறுத்தினான். ஜன்னலில் குந்துகிற முழங்கால்கள் பாதியாகக் குறைந்தன. அவன் கவலைப்படவில்லை.

ஏனென்றால் தாழ்ப்பாள் வேலை செய்தது.

முதல் வாரம் வலிப்பு ஒருதரம் வந்தது. அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பனி உருகி, தெருவோரச் செஸ்நட் மரங்கள் பூத்தபோதும் வரவில்லை. வெல்ச்சோ கீழே கிடந்த மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தான். முதல் ராத்திரி இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது, புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள்போல.

காலையில் நெவெனா அவனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

“யோவ் வெல்ச்சோ, நீ குறட்டை விடுவேன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியவே தெரியாதுய்யா.”

அவனுக்கும் தெரியாது. குறட்டை விடுகிற அளவுக்கு அவன் அதற்குமுன் தூங்கியதில்லை.

அன்றைக்கே போய், ஜூன் கடைசியில் பர்காஸ் போகிற ராத்திரி வண்டிக்கு இரண்டு படுக்கை பதிந்துவிட்டு வந்தான். நெவெனா சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். அன்றைய சமையலில் வெங்காயத்துக்கு வேலையே இல்லை.

வாரத்துக்கு ஒரு தரம் நிலையத்தில் படம் பிடிப்பார்கள். இது புரொபசர் முதாஃபோவின் கண்டுபிடிப்பு. சோதனையில் சேர்ந்த அன்றே எல்லோரையும் உட்காரவைத்து அதைப் பற்றிப் பேசியிருந்தார். நோயாளி சொன்னால் அது ஆசை. கணவன் சொன்னால் அது பாசம். டாக்டர் சொன்னால் அது பாரபட்சம். “வாய் பொய் சொல்லும். கை பொய் எழுதும். தலை பொய் சொல்லாது,” என்று சொல்லிப் புகையை விட்டார். ஆகவே நர்ஸ் ஓர் அட்டையைப் பிடிப்பாள். ‘இந்த வாரம் வலிப்பு வந்ததா?’ என்று அதில் எழுதியிருக்கும். நோயாளி வாயைத் திறக்காமல் தலையால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். ஒலி இல்லாத அந்தப் படம், மருந்து செய்கிற கம்பெனி இருக்கிற நாட்டுக்குப் போகும். அது வடக்கே பனிக்கடல் ஓரத்தில் இருந்தது. அங்கே நடுநிலையாளர்கள் சிலர் உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். பல்கேரிய மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்பதுதான் அவர்களுடைய தகுதி.

வாரா வாரம் அட்டை உயர்ந்தது. வாரா வாரம் நெவெனா நிமிர்ந்து உட்கார்ந்து, பெருமையோடு முகவாயை மேலே தூக்கி இறக்கினாள். இல்லை. வரவே இல்லை.

மே மாத ஆரம்பத்தில் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். நெவெனாவின் நிலைமை வாரா வாரம் மோசமாகிக்கொண்டே போவதால், அவளுடைய பாதுகாப்பை முன்னிட்டு மருந்தை நிறுத்துகிறோம் என்றார் அலுவலர்.

யாரோ வேறு நெவெனாவாக இருக்கும் என்று வெல்ச்சோ நினைத்தான். ஆனால் அலுவலர் படத்தைப் போட்டுக் காட்டினார். திரையில் அவன் பெண்டாட்டிதான். நீலக் கம்பளிச் சட்டை. அட்டை உயர்ந்தது. முகவாய் மேலே போய் வந்தது. படத்தின் ஓரத்தில் அந்நிய எழுத்தில் ஏதோ குறித்திருந்தது. என்ன அது என்று கேட்டான். ‘ஆமாம், வந்தது’ என்று எழுதியிருப்பதாக அலுவலர் வாசித்தார்.

“ஐயா, அவ இல்லைன்னு சொல்றா.”

“தெரியுது,” என்றார் அலுவலர்.

“தெரியுதா?”

“நான் என்ன ஜெர்மன்காரனா? பார்த்தாலே தெரியுது. ஆனா நான் குறிக்கிறவன் இல்ல. நான் காட்டுறவன்.”

குறிக்கிறவர்களிடம் சொல்லலாமே என்றான் வெல்ச்சோ. அவர்களிடம் பேசினால் அவர்கள் நடுநிலை கெட்டுவிடும் என்றார் அலுவலர். அதோடு, போன வாரமே கணக்கைப் பூட்டியாகிவிட்டது. பூட்டிய கணக்கைத் திறக்க வேண்டுமானால் விசாரணைக் கூட்டம் போட வேண்டும். வெல்ச்சோ, போடுங்கள் என்றான். அவனை அலுவலர் அப்போதுதான் முதல்முறையாக ஒரு மனுஷனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

கூட்டத்துக்கு மருந்துக் கம்பெனியின் நாட்டிலிருந்து லுண்ட் என்ற நல்ல மனிதர் வந்திருந்தார். நல்ல மனிதர் என்று சொல்வது கிண்டலுக்கு இல்லை. கண்ணில் உண்மையான வருத்தத்தோடு வெல்ச்சோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேசையைச் சுற்றி நிலையத்து டாக்டர்கள் எட்டுப்பத்துப் பேர். எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். நெவெனாவின் படம் ஓடியது. எல்லோருக்கும் புரிந்தது. ஒருவர் “அட கடவுளே” என்றுகூட முணுமுணுத்தார்.

நிலையத்தின் பெருமையைக் காட்ட, முடிவையும் தலையாலேயே எடுப்போம் என்று புரொபசர் அறிவித்தார். மொழிபெயர்ப்பாளர் வழியாக லுண்ட் ஒவ்வொருவரிடமும் கேட்டார்: குறிப்பில் தவறு நடந்திருக்கிறதா?

டாக்டர் இஸ்க்ரா தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். ஆமாம், நடந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் ஆட்டினார். அதற்கடுத்தவர் அழுத்தி ஆட்டினார். கடைசியில் புரொபசர் முதாஃபோவே, வாயில் சிகரெட்டோடு, இரண்டு தரம் ஆட்டினார். வெல்ச்சோவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு படித்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் நம் பக்கம் நிற்கிறார்களே என்று நினைத்தான்.

லுண்ட் எழுதிக்கொண்டார். பிறகு வாசித்தார். தவறு எதுவும் நடக்கவில்லை என்று குழு ஒருமனதாக முடிவு செய்கிறது.

டாக்டர் இஸ்க்ரா வாயைத் திறந்தார். புரொபசர் மேசையின் மேல் கையை வைத்து அவரை அமர்த்தினார். லுண்டுக்கு அது புரியவில்லை. எல்லாம் சரிதானே என்று தன் ஊர் வழக்கப்படி தலையை மேலும் கீழும் ஆட்டினார். அதைப் பார்த்த எல்லோரும், ஏதோ சரியில்லை என்று அவரே சொல்வதாக நினைத்துத் திடுக்கிட்டு, ஆமாம் ஆமாம் என்று வேகவேகமாகத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார்கள். அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபிறகு வெல்ச்சோ புரொபசரின் அறைக்குப் போனான். புரொபசர் அவனை உட்காரச் சொன்னார், சிகரெட் நீட்டினார். வேண்டாம் என்றதும் உண்மையாகவே பாராட்டினார்.

“வெல்ச்சோ, உங்க மனைவி நல்லா இருக்காங்கன்னு நான் நம்புறேன். ஒரு மனுஷனா நம்புறேன். ஆனா நிலையத்துத் தலைவரா நான் நம்ப முடியாது, அது என் வேலை இல்ல. அவங்க குணமானது உங்க வீட்டுல நடந்தது. எங்க படத்துல நடக்கல. வீட்டுல நடக்கிற குணத்தை எல்லாம் கணக்குல எடுத்தா, அப்புறம் எதுக்கு நிலையம்?”

“அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க. நம்ம ஊருல இப்படித்தான் ஆட்டுவோம்னு.”

“விருந்தாளிய வச்சுக்கிட்டா? நீங்க தப்பாப் பார்த்துட்டீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றதா? நமக்குன்னு ஒரு பண்பாடு இருக்கில்ல? அதுவும் போக, ஒரு தலைய மாத்தினா எல்லாத் தலையையும் மாத்தணும். வலிப்பு கூடினவங்களைத்தான் நாங்க குணம்னு போட்டிருக்கோம். அதை வச்சு நான் மூணு மாநாட்டுல பேசிட்டேன். உங்க ஒரு வீட்டுக்காக நான் இத்தனை பேரை மறுபடி நோயாளி ஆக்கணும்கிறீங்களா? மனசாட்சி இருக்கறவன் செய்வானா?”

வெல்ச்சோ அவர் காலைப் பார்த்தான். நல்ல தோல் ஷூ. இந்த ஷூ தன் ஜன்னலுக்கு வந்திருந்தால் என்ன எடுத்து வைத்திருப்போம் என்று அவனால் யூகிக்க முடியவில்லை.

கடைசி வழியாகக் கருணைக் குழு ஒன்று இருக்கிறது என்று டாக்டர் இஸ்க்ரா சொன்னார். சோதனையிலிருந்து வெளியேற்றப்பட்டவருக்கு, கருணை அடிப்படையில் மருந்தைத் தொடர்ந்து தரச் சொல்லி மனுச் செய்யலாம். நெவெனாவும் வெல்ச்சோவும் ஞாயிற்றுக்கிழமைத் துணி உடுத்திக்கொண்டு போனார்கள். குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் மிகவும் கனிவாகப் பேசினார்கள். ஒரு பெண்மணி நெவெனாவின் கையைத் தடவிக்கொடுத்தார். மருந்தால் பலன் இருந்தது என்று படம் காட்டினால் மருந்து தரலாம், ஆனால் படம் அப்படிக் காட்டவில்லை. ஆகவே மனுவை இரண்டாகப் பிரித்தார்கள். கருணை ஏகமனதாக வழங்கப்பட்டது. மருந்து மறுக்கப்பட்டது. கருணைக்கு முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்றும் தந்தார்கள்.

படியிறங்கும்போது நெவெனா அதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

“நல்ல கெட்டித் தாளு. அலமாரிக்குள்ள விரிக்கலாம்.”

அவள் சிரித்ததை அவன் அப்படியே எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் அவள் சுருட்டி வைத்த மெத்தையைத் தானே பிரித்துக் கட்டிலுக்குக் கீழே போட்டதைப் பார்த்தபோதுதான் அது சிரிப்பு இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

இந்தச் சமயத்தில்தான் க்ரூம் வந்து சேர்ந்தான். பெர்னிக் ஊர்ச் சுரங்கக்காரன், பனைமரம்போல ஆள். நிலையத்து வாசலில் அவன் படத்தைப் பெரிதாக மாட்டி, ‘முழுக் குணம்’ என்று போட்டிருந்தார்கள். விழுந்து அடிபட்ட நெற்றிக் கட்டை மறைக்கத் தொப்பி போட்டுவிட்டு எடுத்த படம். அவனுக்கு வலிப்பு வேறு வகை. தாழ்ப்பாள் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, விழுந்து விழுந்து எழுந்தான். ஆமாம், வந்தது, ஆமாம், மறுபடி வந்தது என்று வாரா வாரம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினான். நிலையத்தில் அவனைப்போலக் குணமானவன் யாருமில்லை.

அவன் வந்து ஜன்னலில் குந்தினான். குந்தியும் பாதி உடம்பு தெரியவில்லை.

“அண்ணே, வாய் கிழியச் சொல்லிட்டேன். குணமான சந்தோஷத்துல உளர்றான்னு எழுதிக்கிட்டாங்க. விலகிக்கிறேன்னா, இவ்வளவு நல்லா இருக்கறவன் விலகக் கூடாதாம். டாக்டரம்மா உங்க வீட்டுக் கதையச் சொன்னாங்க. எனக்கு இது விஷம். உங்க வீட்டம்மாவுக்கு ஒத்துக்குதுல்ல?”

நர்ஸ் முன்னால்தான் மாத்திரையை விழுங்க வேண்டும். க்ரூம் அதை நாக்குக்கு அடியில் ஒளித்து, வெளியே வந்து துப்பி, கடுகுச் சட்டினிப் புட்டியில் போட்டு பஸ் ஏறிக் கொண்டுவந்திருந்தான். பாதி கரைந்த மாத்திரைகள். பெர்னிக்காரன் மண்டையில் கல் இருக்கும், கள்ளம் இருக்காது என்று சோஃபியாவில் சொல்வார்கள்.

நெவெனா புட்டியைத் திறந்து பார்த்தாள். ஊர்பேர் தெரியாத ஒருத்தன் எச்சிலில் பிழைக்க வேண்டுமா என்று கேட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் போட்டு விழுங்கினாள்.

“உப்புக் கரிக்குது. அந்த ஆளு ஊறுகாய் ஜாஸ்தி திங்கிறான். கம்மி பண்ணச் சொல்லு.”

க்ரூம் ஊறுகாயை விட்டான். மாத்திரை நின்றுவிடக் கூடாதே என்று படத்தில் மட்டும் பழையபடியே தலையைப் பக்கவாட்டில் ஆட்டினான். அவனுக்கு விழுவது நின்றது, அவளுக்கு வலிப்பு நின்றது. ஒரு கடுகுப் புட்டியில் இரண்டு குடும்பம் தூங்கியது. உலகத்தில் அந்த மருந்துச் சோதனை ஒழுங்காக நடந்த ஒரே இடம் வெல்ச்சோவின் குந்துகடைதான்.

க்ரூம் உண்மையாகவே தேறிவிட்டதால் வந்தது வினை. முகத்தில் களை வந்தது, நெற்றிக் கட்டு போனது. புரொபசர் அவனைச் சுற்றிவந்து பார்த்தார். இப்படி ஒருவனை லுண்டின் நாட்டு மாநாட்டு மேடையில் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்தார். ஜூன் நடுவில் அவனுக்குக் கோட்டு தைத்து விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். போகுமுன் ஜன்னலுக்கு வந்து, கையில் இருந்த கடைசி மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு, அண்ணே மன்னிச்சுக்க என்று அழுதான். மேடையில் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று சத்தியம் செய்தான். சொல்லவும் செய்தான் என்று பிற்பாடு கேள்வி. மேடையில் நின்று, மருந்து வேலை செய்ததா என்று கேட்டதற்கு முகவாயை மேலே தூக்கி, இல்லை என்றானாம். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்றாம்.

புட்டி காலியானது. அடுத்தடுத்த ராத்திரிகளில் ஒன்றும் நடக்கவில்லை. கதவு தானாகவே சரியாகிவிட்டதோ என்று வெல்ச்சோ ஆசைப்பட்டான். பிறகு ஒரு விடியற்காலையில் பழைய குரல் வந்தது. அது வந்துபோனபின் நெவெனா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வெல்ச்சோ டாக்டர் இஸ்க்ராவைப் பார்க்க ஓடினான். சோதனை முடிந்து, மிச்ச மருந்தெல்லாம் எண்ணி, சீல் வைத்து, எரிக்க அனுப்பியாகிவிட்டது என்றார். ஒன்றைக்கூட எடுத்து வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை என்றும் சொன்னார். பழைய மாத்திரைகளை எழுதித் தந்தார்.

ரயில் நாள் வந்தது. அன்று மத்தியானமே வெல்ச்சோ ஸ்டேஷனுக்குப் போய்ப் படுக்கையை ரத்து செய்யப் புறப்பட்டான். நெவெனா கதவில் சாய்ந்து நின்றாள். அடுத்த வருஷம் போகலாம், மருந்து கடைக்கு வந்துவிடும், அப்போது நிம்மதியாகப் போகலாம் என்று அவன் சமாதானம் சொன்னான்.

“அடுத்த வருஷம்னு எங்கம்மா காலத்துலேர்ந்து கேக்கறேன்,” என்றாள். “என் ஆயுசு பூரா தூக்கத்துக்குப் பயந்து வீட்டுக்குள்ள காவல் இருந்தாச்சு. வந்தா வரட்டும்யா. நாலு பேர் பாக்கட்டும். பாத்தா என்ன, அவங்க என்னைப் பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க? எனக்குக் கடல் பாக்கணும்.”

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அவள் பனித்சா என்ற பாலாடைக்கட்டி அடையைச் சுட்டுத் துணியில் கட்டினாள். வெள்ளரிக்காய், பாலாடைக்கட்டி, போசா என்ற புளித்த கூழ் ஒரு புட்டி. நீலக் கம்பளிச் சட்டையை எடுத்தவள், என்னவோ நினைத்து அதை உள்ளே வைத்துவிட்டு, பூப்போட்ட ஒன்றைப் போட்டுக்கொண்டாள்.

பெட்டியில் அவர்களோடு ஒரு மீன்காரி இருந்தாள். பர்காஸ்காரி, மகளைப் பார்க்க வந்துவிட்டுத் திரும்புகிறவள், காலிக் கூடைகளை இருக்கைக்குக் கீழே தள்ளிக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்புவதற்குள் நெவெனா அவளிடம் சொல்லிவிட்டாள். முன்பின் தெரியாத ஒருத்தரிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. வெல்ச்சோ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான்.

“எனக்குத் தூக்கத்துல வலிப்பு வரும்க்கா. கால உதைப்பேன், கத்துவேன். பயந்துக்காதீங்க.”

“அவ்வளவுதானா?” என்றாள் மீன்காரி. “எம் புருஷன் தூக்கத்துல எந்திரிச்சு கட்சி மீட்டிங்ல பேசுவான். நாப்பது வருஷம் கைதட்டிட்டுத் தூங்கினவ நான். நீ உதைச்சுக்கோ தாயி.”

நெவெனா விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று பேரும் பனித்சாவைப் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். விடிகிறபோது கடல் எந்தப் பக்க ஜன்னலில் தெரியும் என்று நெவெனா கேட்டாள், மீன்காரி காட்டினாள். அந்தப் பக்கம் தலை வைத்து, கீழ்ப் படுக்கையில், அவள் கால் நீட்டிப் படுத்தாள். வெல்ச்சோ அவள் காலடியில், விழித்திருப்பதாகச் சொல்லி உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் காலை வண்டி சரியான நேரத்துக்குப் பர்காஸ் வந்து சேர்ந்தது. தூங்குகிறவளை எழுப்ப வேண்டாம் என்று, கதவில் எட்டிப் பார்த்த டிக்கெட்காரரிடம் மீன்காரி உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுக் கூடைகளோடு இறங்கினாள். வெல்ச்சோ உட்கார்ந்தபடியே கண் அசந்திருந்தான். அவன் விழித்து நெவெனாவின் காலைத் தொட்டபோது அது ஜில்லென்று இருந்தது. ரயில்வே டாக்டர் வந்து பார்த்து, தூக்கத்தில் சத்தமில்லாமல் வலிப்பு வந்து, விடிவதற்கு முன்பே உயிர் போயிருக்கிறது என்றார். அந்தப் பெட்டியை மட்டும் கழற்றிப் பக்கத்துத் தண்டவாளத்தில் விட்டுவிட்டு, மற்றப் பெட்டிகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார்கள்.